கசகசாச் செடியும் அதன் பங்காளிகளும்

(வீட்டுத் தோட்டத்தில் பாப்பிப் பூ வளர்ப்பது பற்றி வாலாஜாபாத் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் பகுதியில் நெல்லும் நிலக்கடலையும் வயலுக்கு உரியவை என்றால், பூ வீட்டுக்கு உரியது. காஞ்சிபுரத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை. நாள்தோறும் பூவுக்குத் தேவை இருக்கிறது. அதனால் புழக்கடையில் நாலு முழம் இடம் இருந்தாலும் ஒரு மல்லிகைக் கொடியையோ, இரண்டு பாத்திக் கனகாம்பரத்தையோ வைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். தறி நெய்யும் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம்.

இப்போது இந்தப் புழக்கடைக்குப் புது விருந்தாளி ஒன்று வருகிறது. கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு அஞ்சலில் விதைப் பொட்டலம் வரவழைக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுப்போல் மடிந்த இதழ்களுடன் ஒரு பூ அட்டையில் அச்சிட்டிருக்கும். அதற்குப் பாப்பி என்று பெயர். "இது கசகசா வகைதானே? மளிகைக் கடைக் கசகசாவையே தூவினால் முளைக்காதா? நாற்று விட்டுப் பிடுங்கி நடலாமா?" என்ற கேள்விகள் உடனே எழும். கேள்விகள் நியாயமானவையே. ஆனால் இவற்றில் ஒன்றுக்குத் தவறான விடை கண்டுகொண்டால் பணம் மட்டும் போவதில்லை. குடும்பத் தலைவர் நீதிமன்ற வாசலில் நிற்க நேரிடும். ஆகவே இன்று பாப்பியைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். தொடக்கூடாதது எது, விதைக்க வேண்டியது எது, நட வேண்டியது எது என்பவையே அவை.

மளிகைக் கடைக் கசகசா

குருமாவிலும் பாயசத்திலும் நாம் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபினிச் செடியின் விதையாகும். அச்செடியின் தாவரவியல் பெயர் பப்பாவெர் சோம்னிஃபெரம். போதை தருவது விதை அன்று. பசுங்காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. மார்ஃபின், கோடீன் போன்ற மருந்துப் பொருள்கள் அதிலிருந்தே கிடைக்கின்றன. ஒரே செடியில் சமையலுக்கு உரியதும், மருந்துக்கு உரியதும், குடியைக் கெடுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால்தான் அரசு இச்செடியைத் தன் கண்காணிப்பில் வைத்திருக்கிறது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், மத்திய அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே இதைப் பயிரிடலாம். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் அலுவலகம் ஆண்டுதோறும் உழவருக்கு உரிமம் வழங்குகிறது. மந்த்சௌர், நீமச், சித்தோர்கர் போன்ற மாவட்டங்களில் அதிகாரிகள் நிலத்தை அளந்து, பயிரைப் பார்த்து, விளைந்த அபினியை எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சில உழவர்களுக்குக் காயைக் கீறாமல் அப்படியே ஒப்படைக்கும் உரிமமும் தரப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் எவருக்கும் இப்பயிருக்கு உரிமம் கிடையாது.

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின்படி, உரிமம் இன்றி அபினிச் செடி வளர்ப்பது குற்றம். அளவைப் பொறுத்துத் தண்டனை மாறும். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. "அழகுக்காகத்தான் வைத்தேன், காயைக் கீறவில்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். வளர்ப்பதையே சட்டம் தடுக்கிறது.

நிலம் வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தம் நிலத்தில் யாரேனும் அபினிச் செடியோ கஞ்சாச் செடியோ வளர்ப்பது தெரிந்தால், நிலத்துக்கு உரியவர் உடனே காவல் துறைக்கோ உரிய அலுவலருக்கோ தகவல் தர வேண்டும் என்று இச்சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறுகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தண்டனைக்கு உரியது. குத்தகைக்கு விட்ட நிலமாயினும் அவ்வப்போது ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நலம்.

ஆகவே முதல் செய்தி இது: கசகசா அடுப்படிக்கு உரியது, பாத்திக்கு உரியது அன்று. கடையில் வாங்கிச் சமைப்பதில் குற்றம் ஏதுமில்லை. அதை மண்ணில் தூவாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும்போது மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவையும் கட்டிக்கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

பொட்டலத்தைப் படித்துப் பார்க்கவும்

பாப்பி என்ற ஒரே பெயரில் பல செடிகள் விற்பனைக்கு வருகின்றன. எல்லாம் அபினிச் செடி அல்ல. வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை இரண்டு.

முதலாவது கலிஃபோர்னியா பாப்பி. இதன் தாவரவியல் பெயர் எஸ்ஷோல்சியா கலிஃபோர்னிகா. இது அபினிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும் வேறு பேரினம். இலைகள் வெந்தயக் கீரையைப்போல் இல்லாமல் சீரக இலைபோல் நறுக்கப்பட்டு, சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். பூ ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம், இதழ் நான்கு. காய் உருண்டையாக இராது, மெலிந்து நீண்டிருக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதை 1903இல் தன் மாநிலப் பூவாக ஏற்றது. வறட்சியையும் மணற்பாங்கான மண்ணையும் தாங்குவதால், பாலாற்றை ஒட்டிய உங்கள் நிலங்களுக்கு முதலில் முயன்று பார்க்கத் தக்கது இதுவே.

இரண்டாவது ஷர்லி பாப்பி. இதன் தாவரவியல் பெயர் பப்பாவெர் ரீயஸ். ஐரோப்பாவில் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பியிலிருந்து வந்தது. 1880இல் இங்கிலாந்தின் ஷர்லி என்ற ஊரில் வில்லியம் வில்க்ஸ் என்ற பாதிரியார், தம் தோட்டத்து மூலையில் இருந்த சிவப்புப் பூக்களுக்கு இடையே இதழோரம் வெள்ளையாக இருந்த ஒரே ஒரு பூவைக் கண்டார். அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். அடுத்த ஆண்டு அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தார். இப்படிப் பல ஆண்டுகள் தேர்ந்து தேர்ந்து எடுத்ததில் வெள்ளை, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்கள் கிடைத்தன. நல்ல கதிரை அடையாளம் கட்டி விதைக்கு ஒதுக்கும் உங்களுக்கு இந்த முறை புதியது அன்று.

அபினிச் செடியை அடையாளம் காண்பது எப்படி? அதன் இலை அகன்று, வழவழப்பாக, சாம்பல் பூத்து, தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். காய் பருத்து உருண்டு, தலையில் தட்டுப்போன்ற மூடியுடன் இருக்கும். ஷர்லி பாப்பியின் தண்டிலோ சுணைபோல மயிர் நிறைந்திருக்கும், இலை ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், காய் சிறியது.

ஓர் எச்சரிக்கை. பியோனி பாப்பி என்ற பெயரிலும் வேறு கவர்ச்சியான பெயர்களிலும் விற்கப்படும் அடுக்குப் பூ வகைகள் அபினிச் செடியின் இனமேயாகும். பொட்டலத்தில் சோம்னிஃபெரம் என்று இருந்தால் வாங்க வேண்டாம். தாவரவியல் பெயரே அச்சிடாத பொட்டலத்தையும் வாங்க வேண்டாம்.

உங்கள் தரிசில் இருக்கும் பங்காளி

பாப்பிக் குடும்பத்துச் செடியைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தரிசிலும் சாலையோரத்திலும் ஆற்றுப் படுகையிலும் முளைத்திருக்கும் பிரமதண்டு அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். இலையெல்லாம் முள், நரம்புகளில் வெள்ளைக் கோடு, மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். மெக்சிகோவிலிருந்து வந்து நம் நாடெங்கும் பரவிய களை இது.

இதன் விதை கறுத்துச் சிறுத்துக் கடுகைப்போலவே இருக்கும். அங்கேதான் ஆபத்து. பிரமதண்டு விதை கலந்த கடுகை ஆட்டி எடுத்த எண்ணெயைத் தொடர்ந்து உண்டால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பழுதுபடும். இதிலுள்ள சாங்குவினாரின் என்ற நச்சே காரணம். 1998இல் டெல்லியில் இக்கலப்பட எண்ணெயால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கடுகின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெண்மையாக இருக்கும். ஊடுபயிராகக் கடுகு விதைப்போர், பிரமதண்டு காய் பிடிக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு களைந்துவிட வேண்டும்.

அப்படிக் களையும்போது அதன் வேரைக் கொஞ்சம் கவனியுங்கள். நமது இரண்டாவது பாடம் அந்த வேரில்தான் இருக்கிறது.

பாப்பியைப் பிடுங்கி நட்டால் ஏன் பிழைப்பதில்லை?

பிரமதண்டுக்கு ஒற்றை ஆணிவேர். மண்ணுக்குள் நேராக இறங்கியிருக்கும். பாப்பிக்கும் அப்படியே. செடி மேலே இரண்டு இலை விடும்போதே கீழே வேர் விரல் நீளம் போயிருக்கும். பக்க வேர்கள் குறைவு. இருப்பவையும் நூலினும் மெல்லியவை. பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிடும். இலை வெயிலில் நீரை இழந்துகொண்டே இருக்க, கீழிருந்து நீர் ஏறாது. செடி அன்று மாலையே தலை சாய்ந்துவிடும். தப்பிப் பிழைத்த செடியும் வளர்ச்சி குன்றி, ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு பூ விட்டு முடிந்துவிடும்.

"நெல் நாற்றைப் பிடுங்கித்தானே நடுகிறோம்? அது பிழைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நெல்லுக்குத் தண்டின் அடிக்கணுவிலிருந்து புது வேர் கிளம்பும் ஆற்றல் உண்டு. பழைய வேர் அறுந்தாலும் ஒரு வாரத்துக்குள் புது வேர் பிடித்துப் பச்சை கட்டிவிடும். கத்தரியும் மிளகாயும் பக்க வேர்களை மளமளவென்று விடுபவை. பாப்பிக்கு இந்த வசதி இல்லை. முள்ளங்கியை யாராவது நாற்று விட்டு நடுகிறோமா? வெண்டையைப் பிடுங்கி நடுகிறோமா? இல்லை, நேரே விதைத்துப் பிறகு கலைக்கிறோம். பாப்பியையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்று அபினிச் செடி பயிரிடும் வடநாட்டு உழவர்களும் நாற்று விடுவதில்லை. வயலிலேயே நேரடியாக விதைத்துப் பயிர் கலைக்கிறார்கள்.

ஆகவே இரண்டாவது செய்தி இது: பாப்பியை நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும்.

பருவம்

பாப்பி குளிரை விரும்பும் பூ. உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. நம் சமவெளியில் அவ்வளவு செழிப்பை எதிர்பார்க்க இயலாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை. எனினும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கும் இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குகிறது. அந்தக் குறுகிய குளிர்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் விதைத்தால் அடைமழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சியது அழுகிவிடும். தை பிறந்த பிறகு விதைத்தால் பூக்கும் வேளையில் வெயில் ஏறிவிடும். பெருமழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும் கார்த்திகைப் பிற்பாதி முதல் மார்கழி முதல் வாரம் வரை ஏற்ற காலம். இப்போது விதைத்தால் மாசியில் பூவைக் காணலாம். பங்குனி வெயில் தொடங்கியதும் செடி காய்ந்துவிடும். அது நோய் அன்று; அதன் ஆயுள் அவ்வளவுதான்.

பாத்தியும் விதைப்பும்

நாள் முழுதும் வெயில் படும் இடமே வேண்டும். ஏரிப் பாசனக் களிமண் நிலமானால் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு ஆற்று மணலும் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரமும் கலக்கவும். மணற்பாங்கான நிலமானால் தொழு உரம் மட்டும் போதும். புது எரு இடக்கூடாது. யூரியா தேவையே இல்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுக்கும், பூ குறையும். கட்டி இல்லாமல் மண்ணைப் பொடியாக்கி மட்டம் செய்ய வேண்டும்.

பாப்பி விதை மிகச் சிறியது. ஷர்லி பாப்பியில் ஒரு கிராமுக்குப் பல ஆயிரம் விதைகள் இருக்கும். கையால் அள்ளித் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு சிட்டிகை விதையை, சலித்த உலர்ந்த மணல் இரண்டு கைப்பிடியுடன் நன்றாகக் கலந்து தூவவும். மணல் விழுந்த இடம் வெளிறித் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விடுபட்டது என்பதும் தெரியும்.

ஷர்லி பாப்பி விதையை மண் போட்டு மூட வேண்டாம். ஒளி பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஒரு பலகையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். கலிஃபோர்னியா பாப்பி விதை சற்றுப் பெரியது. அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மணல் தூவலாம். பின்பு நுண்ணிய துளையுள்ள பூவாளியால் பனி பெய்வதுபோல் நீர் தெளிக்கவும். குடத்திலிருந்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவி வைக்கவும். மழையோ நீரோ பட்டுக் கரைந்தால் மீண்டும் தூவவும்.

முளைக்கப் பத்து முதல் இருபது நாள் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம்.

பயிர் கலைத்தல்

இதுதான் வீட்டாருக்கு மனம் வராத வேலை. முளைத்த எல்லாச் செடியையும் விட்டுவைத்தால் ஒன்றும் உருப்படாது. நான்கு இலை வந்ததும் செடிக்குச் செடி ஐந்து செ.மீ. இருக்குமாறு கலைக்கவும். மீண்டும் இரண்டு வாரம் கழித்து, செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விடவும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்; ஆகவே கத்தரிக்கோலால் தரையோடு நறுக்கிவிடுவது நல்லது. கலைத்த செடியை வேறு இடத்தில் நட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை எழும். மேலே சொன்ன வேரை நினைத்துக்கொண்டு அந்த ஆசையை விட்டுவிடவும்.

நட்டே ஆக வேண்டுமானால்

சிலருக்கு நேரே விதைக்க வசதி இராது. கோழி கிளறும், முற்றத்தில் பிள்ளைகள் மிதிப்பார்கள், பாத்தியில் வேறு பயிர் நிற்கும். அத்தகையோர் நாற்றைப் பிடுங்காமல், மண்ணோடு நகர்த்தும் முறையைக் கையாளலாம்.

பழைய செய்தித்தாளை நான்கு விரல் நீளக் குழலாகச் சுருட்டி, அடியை மடித்துக்கொள்ளவும். வாழைப்பட்டையில் செய்த தொன்னையும் ஆகும். கழுவிய தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் மணலும் சம அளவில் கலந்து அதில் நிரப்பவும். ஒவ்வொரு குழலிலும் நாலைந்து விதை தூவி, முளைத்ததும் ஒன்றை விட்டு மற்றவற்றை நறுக்கவும். குழல்களை ஒரு தட்டில் நெருக்கமாக நிறுத்தி, காலை வெயில் படும் இடத்தில் வைக்கவும்.

செடிக்கு மூன்று நான்கு இலை வந்தவுடன், வேர் குழலின் அடியைத் தொடுமுன் நட்டுவிட வேண்டும். இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருப்பதே பலர் செய்யும் தவறு. கத்தரி நாற்றுக்கு முதிர்ச்சி நல்லது, பாப்பிக்குக் கேடு. மாலை வெயில் தணிந்த பிறகு பாத்தியில் குழி எடுத்து, நீர் ஊற்றி, குழலோடு அப்படியே இறக்கவும். காகிதமும் வாழைப்பட்டையும் மண்ணில் மக்கிவிடும். காகிதத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்; ஆகவே விளிம்பை மண்ணுக்குள் புதைக்கவும். மூன்று நாள் தென்னை ஓலைக் கீற்றால் நிழல் தரவும். இப்படிச் செய்தாலும் எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். வேண்டிய அளவுக்கு மேல் சில குழல்களைக் கூடுதலாகப் போட்டு வைத்துக்கொள்ளவும்.

பராமரிப்பு

முளைத்த முதல் மாதம் மேல்மண் காயாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு மண் காய்ந்தபின் நீர் விட்டால் போதும். தேங்கிய நீர் பாப்பிக்கு எமன்.

இளஞ்செடிகள் தரையோடு கருகி விழுந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் நீர் அதிகமானதுமே காரணமாக இருக்கும். விதைக்கும் முன்பே தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். மொட்டுக் காம்பில் அசுவினி கூட்டமாக ஒட்டினால், வேப்பங்கொட்டைத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். பாப்பிப் பூவில் மகரந்தம் மிகுதி. தேனீக்கள் காலையில் கூட்டமாக வரும். ஆகவே பூக்கும் காலத்தில் நச்சு மருந்து எதையும் தெளிக்க வேண்டாம்.

வாடிய பூவைக் கிள்ளிவந்தால் புதுப் பூ தொடர்ந்து வரும். விதை வேண்டுமானால் நல்ல நிறமுள்ள இரண்டு மூன்று செடிகளை விட்டு வைக்கவும். காய் பழுப்பேறி, ஆட்டினால் விதை கலகலக்கும்போது காம்போடு நறுக்கிக் காகித உறையில் போட்டுப் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கவும். அடுப்படியில் மட்டும் வைக்க வேண்டாம். எந்தப் பாப்பியின் இலையையும் காயையும் விதையையும் கைவைத்தியத்துக்கோ சமையலுக்கோ பயன்படுத்தக்கூடாது. அது பார்வைக்கு மட்டுமே.

நட வேண்டியது எது?

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பாப்பிப் பூ தொடுக்க உதவாது. இதழ் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இதற்காக வருமானம் தரும் ஒரு சென்ட் நிலத்தையும் ஒதுக்க வேண்டாம். வாசலோரம் ஒரு சிறு பாத்தியோ இரண்டு தொட்டியோ போதும்.

நாற்று விட்டு நடும் ஆசை உள்ளவர்களுக்குப் பழகிய பூக்கள் இருக்கவே இருக்கின்றன. துலுக்கச் சாமந்தி விதையை மேட்டுப்பாத்தியில் விட்டு, ஒரு மாத நாற்றைப் பிடுங்கி 45 செ.மீ. இடைவெளிப் பார்களில் நட்டால் தளராமல் வேர் பிடிக்கும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ கூடும். தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும் செடி அது. பாப்பிக்கு நேர் எதிர். கனகாம்பரத்தை இரண்டு மாத நாற்றாக 60 செ.மீ. வரிசையில், செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு நடலாம். டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது. அதை வேர்விட்ட தண்டுத் துண்டுகளாக வாங்கி நட வேண்டும். இவை தலைக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும், மிஞ்சினால் விலைக்கும் ஆகும்.

எந்தப் புதுச் செடி வந்தாலும் வேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்க வேர் விடுவதைப் பிடுங்கி நடுங்கள். ஆணிவேர் இறக்குவதை நின்ற இடத்தில் விதையுங்கள். வேரைப் பார்க்கும் முன் பெயரைப் பாருங்கள். கசகசா என்றோ சோம்னிஃபெரம் என்றோ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் தோட்டத்தில் ஐயத்துக்கு உரிய செடி எதுவும் தானாக முளைத்திருந்தால், மறைக்க வேண்டாம், தயங்கவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ உடனே சொல்லிவிடுங்கள். மற்ற ஐயங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே கேட்டறியலாம்.

வரும் கார்த்திகையில் ஒரு சிறு பாத்தியில் கலிஃபோர்னியா பாப்பியை விதைத்துப் பாருங்கள். மாசி மாதக் காலையில் அது இதழ் விரிக்கும். மாலையில் மீண்டும் மூடிக்கொள்ளும். அச்சமின்றி, சட்டத்துக்கு உட்பட்டு வளர்த்த பூவை வாசலில் பார்ப்பது தனி மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி உங்கள் வீடுகளில் நிறையட்டும்.